கையளவுப் பெட்டியில் நாதம்

நம் சங்கத்து நவராத்திரி கொலுவில் ஆண்டுதோறும் வீணை வாசித்து வந்த என் பேத்தியை உங்களில் பலர் அறிவீர்கள். இரண்டு வருடமாக அவளை ஏன் காணோம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "படிப்பு அதிகம்" என்று சொல்லிச் சமாளித்து வந்தேன். உண்மை அதுவல்ல. அதை இப்போது சொல்லிவிடுகிறேன். கூடவே, அவளால் இந்த அறுபத்தெட்டு வயதில் நான் பழகிக்கொண்ட ஒரு புதுக் கருவியைப் பற்றியும் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் நாளை அதைக் கேட்டு நின்றால் உதவியாக இருக்கும்.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுவாரம் சைக்கிளிலிருந்து விழுந்து அவளுடைய இடது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் தந்தியை அழுத்தி இழுத்தால் வலி பொறுக்க முடியவில்லை. ஒரு வருடமாவது வீணையைத் தொட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏழு வயதிலிருந்து வாசித்த பெண். வீணைக்கு உறை போட்டு வைத்தவள், அதன் பிறகு பாட்டுக் கேட்பதையும் விட்டுவிட்டாள். யாராவது ரேடியோ வைத்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

இப்படி எட்டு மாதம் போனது. ஒரு நாள் அவளே வந்து, "தாத்தா, எனக்கு மாடுலர் சிந்தசைசர் வேணும்" என்றாள். எட்டு மாதத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் சங்கீதப் பேச்சு அது! உடனே சரி என்று சொல்லத்தான் தோன்றியது. விலையை விசாரித்ததும் வாயடைத்துப் போனேன். என்னுடையது மில் பென்ஷன் அல்லவா?

சாதாரணக் கீபோர்டில் என்னென்ன ஒலி வர வேண்டும் என்பதைச் செய்தவரே தீர்மானித்துவிடுகிறார். மாடுலர் அப்படியல்ல. ஒலியை உண்டாக்கும் பகுதி, அதை வடிகட்டும் பகுதி, ஏற்றி இறக்கும் பகுதி எல்லாம் தனித்தனியாக இருக்கும். கம்பிகளால் அவற்றை இணைப்பது நம் வேலை. 1964இல் அமெரிக்காவில் ராபர்ட் மூக் செய்த கருவி இந்த வகைதான். அதை வைத்து வெண்டி கார்லோஸ் 1968இல் பாக்கின் இசையை இசைத்தட்டாக வெளியிட, உலகமே திரும்பிப் பார்த்தது. 1990களின் நடுவில் ஜெர்மனியின் டூப்ஃபர் நிறுவனம் 'யூரோராக்' என்ற சிறிய அளவைக் கொண்டுவந்தது. இன்று பல நிறுவனங்கள் இந்த அளவில் பகுதிகள் செய்கின்றன. ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் ஆயிரக்கணக்கில் விலை. பெட்டிக்கும் மின்சார ஏற்பாட்டுக்கும் தனிச் செலவு. ஒன்று வாங்கினால் அடுத்தது கேட்கும்!

விலையைப் பார்த்து மலைத்தாலும் அதன் படத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. 1982 முதல் இங்கே அகமதாபாத் மில்லில் நான் பார்த்தது இன்ஸ்ட்ருமெண்ட் மெக்கானிக் வேலை. பாய்லரின் வெப்பத்தை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாக மாற்றிக் கம்பியில் அனுப்புவோம். அதற்கேற்ப மறுமுனையில் வால்வு திறக்கும், மூடும். மாடுலரிலும் இதே தத்துவம்தான். ஒரு பகுதியிலிருந்து புறப்படும் மின்னழுத்தம் இன்னொரு பகுதியின் குமிழை நமக்குப் பதிலாகத் திருப்புகிறது. பெரும்பாலான கருவிகளில் ஒரு வோல்ட் கூடினால் ஒலி சரியாக ஒரு ஸ்தாயி ஏறும். "இது நம்ம மில்லு சமாச்சாரம்தான், கண்ணு" என்றேன். அவள் நம்பவில்லை.

இன்னொரு ஆச்சரியமும் காத்திருந்தது. நம் ஊரில், பால்டியில் இருக்கும் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969லேயே மூக் மாடுலர் வைத்த மின்னிசைக் கூடம் இருந்ததாம். அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் வந்து அமைத்துக் கொடுத்திருக்கிறார். கீதா சாராபாய் உள்ளிட்ட இந்தியர்கள் அதில் இசை அமைத்திருக்கிறார்கள். அந்த ஒலிநாடாக்கள் 2017இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்டு, 2023இல் இசைத்தொகுப்பாக வெளிவந்தன. அந்த வாசலைத் தாண்டி எத்தனை வருடம் பஸ்ஸில் போயிருக்கிறேன்! ஒன்றும் தெரியாமல் போயிருக்கிறேன்.

சரி, எப்படித் தொடங்கினோம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் மூன்று மாதம் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கவில்லை. வி.சி.வி. ராக் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. வீட்டுக் கணினியில் போட்டால் திரையிலேயே பகுதிகளை அடுக்கிக் கம்பி இழுக்கலாம். முதல் நாள் மாலை முழுவதும் எங்களுக்குச் சத்தமே வரவில்லை. கடைசியில் பார்த்தால், 'ஆடியோ' என்ற பகுதியில் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்க மறந்திருக்கிறோம். நீங்கள் அதை முதலில் பாருங்கள்.

அடுத்து, நான்கே நான்கு பகுதிகளை மட்டும் வைத்துப் பழக வேண்டும். ஆசிலேட்டர் ஒலியை உண்டாக்குவது. ஃபில்டர் அதன் கூர்மையை வடிகட்டுவது. ஆம்ப்ளிஃபயர் என்பது தண்ணீர்க் குழாய் மாதிரி. திறந்தால் ஒலி வரும், மூடினால் நிற்கும். என்வலப் என்பது அந்தக் குழாயைத் திறந்து மூடும் கை. சட்டென்று திறந்து மெல்ல மூடினால் தந்தியை மீட்டியது போல இருக்கும். மெல்லத் திறந்து மெல்ல மூடினால் வில் போட்டது போல. இந்த நான்கும் மனதில் பதியும் வரை ஐந்தாவது வேண்டாம். நூற்றுக்கணக்கான பகுதிகளைத் திரையில் கொட்டிவிட்டு மலைத்து நிற்பவர்களே அதிகம்.

அதற்குப் பிறகுதான் கருவி. கோர்க் நிறுவனம் 2019இல் வெளியிட்ட 'வோல்கா மாடுலர்' ஒன்றை, மும்பையில் ஒரு இளைஞரிடமிருந்து பழையதாக வாங்கினோம். பதினாலாயிரம் ரூபாய். ஒரு தடித்த புத்தகம் அளவுதான். உள்ளே 8 பகுதிகள், கம்பி செருக 50 துளைகள், 16 சுரங்களை வரிசையாக ஒலிக்கும் வசதி, ஒரு சின்ன ஸ்பீக்கர். 6 பென்சில் பேட்டரியில் ஓடும். பகுதிகள் உள்ளேயே ஓரளவு இணைக்கப்பட்டிருப்பதால் ஒரு கம்பியும் செருகாமலே ஒலி வரும். புதியவர்களுக்கு இது பெரிய வசதி.

ஒரு சமயத்தில் ஒரே ஒரு கம்பியைச் செருகுங்கள். என்ன மாறியது என்று காதால் கேட்டுப் புரிந்துகொண்டு, பிறகு அடுத்த கம்பிக்குப் போங்கள். மில்லில் பழுது பார்ப்பதற்கும் இதே விதிதான். அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம் அவசியம். எந்தக் கம்பி எந்தத் துளையில் இருந்தது என்பதைக் கருவி நினைவில் வைத்துக்கொள்ளாது. பிடுங்கினால் போயிற்று. பேத்தி ஒவ்வொரு இணைப்பையும் வரைந்து, பக்கத்தில் குறிப்பு எழுதுகிறாள். தமிழில்தான் எழுத வேண்டும் என்பது என் நிபந்தனை. குஜராத்தி பள்ளியில் படித்தவள் என்பதால் எழுத்துப்பிழை நிறைய வரும். வரட்டும்.

சில எச்சரிக்கைகள்: ஹெட்போனைக் காதில் மாட்டும் முன் ஒலியைக் குறையுங்கள்; ஒரு குமிழ் நகர்ந்தால் காதைத் துளைக்கும் சத்தம் வரும். அடாப்டர் வாங்கினால் வோல்ட்டோடு பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம் என்றும் பாருங்கள். கிடாருக்கு வைத்திருப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இருக்கும். பெரிய யூரோராக் கருவியிலிருந்து வரும் கம்பியை இதன் ஊசித் துளைகளில் நேராகச் செருகாதீர்கள். அதற்கென்று தனி வாய் இருக்கிறது.

இனி, எனக்கு மறக்க முடியாத ஒரு சாயங்காலம். இந்தப் பெட்டியில் 'வாகல்' என்று ஒரு பகுதி. தாறுமாறாக மாறும் மின்னழுத்தத்தைத் தருவது. அதில் ஒரு துளையில் மின்னழுத்தம் படிப்படியாகத் தாவும். இன்னொன்றில் வழுக்கிச் செல்லும். பேத்தி கம்பியை முதல் துளையிலிருந்து பிடுங்கி இரண்டாவதில் செருகினாள். குதித்துக்கொண்டிருந்த ஒலி ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைந்து போயிற்று. கொஞ்ச நேரம் அசையாமல் கேட்டவள், "தாத்தா, இது ஜாரு!" என்றாள். வீணையில் விரலை இழுத்துக்கொண்டே போவாளே, அந்த ஜாரு.

அன்றைக்கே கணக்குப் போட உட்கார்ந்துவிட்டாள். ஷட்ஜத்திலிருந்து பஞ்சமம் ஒன்றரை மடங்கு அதிர்வு. வோல்ட்டில் 0.585 வருகிறது. கீபோர்டின் பஞ்சமமோ 12இல் 7 பங்கு, அதாவது 0.583. வித்தியாசம் மயிரிழைதான். காந்தாரத்துக்கு வந்தால் அது இன்னும் அதிகம். மாடுலரில் குமிழைத் திருப்பிக் காதுக்கு இதமாக வரும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். கணினித் திரையில் மூன்று ஆசிலேட்டரை ஸ, ப, மேல் ஸ என்று சேர்த்து அவள் தம்பூரா போல ஒலிக்க விட்டபோது, சமையலறையிலிருந்த என் மனைவி தன்னை அறியாமல் பாட ஆரம்பித்தாள். இந்தத் தடவை பேத்தி எழுந்து அடுத்த அறைக்குப் போகவில்லை.

இந்தப் பெட்டி வீணைக்கு ஈடாகாது. கம்பி செருகுவதால் கை குணமாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. நம் பிள்ளைகளின் காதில் ஏற்கெனவே சுருதி இருக்கிறது. கை ஓய்ந்திருக்கும் காலத்திலும் காதுக்கு வேலை கொடுக்க முடியும், அதற்குப் பெருஞ்செலவும் வேண்டாம் என்பதைத்தான் எங்கள் அனுபவமாகச் சொல்கிறேன்.

போன மாதம் வீணையின் உறையைக் கழற்றிவிட்டாள். டாக்டர் அனுமதித்தபடி தினமும் பத்து நிமிடம். வலி இன்னும் இருக்கிறது. பத்து நிமிடம் ஆனதும் வைத்துவிட்டுப் பெட்டியின் பக்கம் வந்துவிடுகிறாள். வரும் நவராத்திரிக்கு வாசிப்பாளா என்று தெரியாது. ஆனால் கொலுவில் பாடுகிறவர்களுக்குச் சுருதி போட வருவதாகச் சொல்லியிருக்கிறாள். பெட்டியை அப்போது நேரில் பார்க்கலாம். குழந்தைகள் கம்பியைப் பிடுங்கினாலும் பரவாயில்லை; நோட்டுப் புத்தகத்தில் எல்லாம் எழுதி வைத்திருக்கிறது.