ஒரே சபாநாயகர், இரண்டு கணக்கு

2017 பிப்ரவரி 18 அன்று தமிழக முதல்வர் எடப்பாடி பழனிசாமி கோரிய நம்பிக்கை வாக்கெடுப்பில், அவரை எதிர்த்து அதிமுக எம்.எல்.ஏ.க்கள் 11 பேர் வாக்களித்தார்கள். ஓ. பன்னீர்செல்வம் அவர்களில் ஒருவர். அதே ஆண்டு ஆகஸ்டில் அதே கட்சியின் டி.டி.வி. தினகரன் அணி எம்.எல்.ஏ.க்கள் ஆளுநரைச் சந்தித்து, முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். கடிதம் கொடுத்தவர்களில் 18 பேரின் பதவியைச் செப்டம்பரில் சபாநாயகர் தனபால் பறித்தார். எதிர்த்து வாக்களித்த 11 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. பன்னீர்செல்வம் துணை முதல்வராகவே ஆகிவிட்டார்!

சட்டப்படி எது பெரிய தவறு? 1985-ல் ராஜீவ் காந்தி அரசு அரசியல் சட்டத்தில் சேர்த்த பத்தாவது அட்டவணை, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகும் என்று நேராகவே சொல்கிறது. கட்சி 15 நாளுக்குள் மன்னித்தால் தப்பலாம். தானாகக் கட்சியை விட்டு விலகுவது இன்னொரு காரணம். அதற்கு ராஜினாமாக் கடிதம்கூட வேண்டாம், நடத்தையே போதும் என்று 1994-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. 18 பேர் மீது பாய்ந்தது இந்தப் பிரிவுதான்.

அந்த 11 பேரிடமும் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் அதை எடைபோட்டு ஒரு முடிவு வரவே இல்லை. கோளாறு இங்கேதான். கட்சித் தாவல் புகாரை விசாரிப்பவர் சபாநாயகர். எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று அட்டவணையில் ஒரு வரி கிடையாது. 1992-ல் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் இந்த ஏற்பாட்டை ஏற்ற உச்ச நீதிமன்றம், சபாநாயகரின் முடிவை நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்றது. முடிவே எடுக்காவிட்டால்? 18 பேர் வழக்கில் பரிசீலிக்க உத்தரவு ஒன்று இருந்தது. உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் முரண்பட்டு, 2018 அக்டோபரில் மூன்றாவது நீதிபதி அதை உறுதிசெய்தார். 11 பேர் விவகாரத்தையோ 2020-ல் உச்ச நீதிமன்றம் சபாநாயகரிடமே விட்டது. 2021-ல் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்தது.

2020-ல் மணிப்பூர் சபாநாயகர் தொடர்பான வழக்கில், இத்தகைய புகாரை முடிக்க மூன்று மாதம் போதும் என்ற உச்ச நீதிமன்றம், தனித் தீர்ப்பாயம் அமைப்பது பற்றி யோசிக்குமாறு நாடாளுமன்றத்தைக் கேட்டது. 2025-ல் தெலங்கானா சபாநாயகருக்கும் அதே மூன்று மாதக் கெடு விதிக்க நேர்ந்தது. மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் தப்பலாம் என்ற சலுகையை 2003-ல் நீக்கிய நாடாளுமன்றம், சபாநாயகரின் அதிகாரத்தைத் தொடவில்லை. யார் ஆட்சிக்கு வந்தாலும் சபாநாயகர் அவர்கள் ஆளாகத்தான் இருப்பார். அதனால் எந்தக் கட்சிக்கும் அவசரமில்லை.