பழங்களைப் பழுக்கவைக்கும் முறையும் மக்கள் நலமும்

கோடை பிறந்ததும் கோவை நகரின் வைசியாள் வீதி, உக்கடம் பகுதிகளிலுள்ள பழக் கிடங்குகளில் மாங்காய் வந்து குவிகிறது. சேலம், கிருஷ்ணகிரி, திண்டுக்கல் சீமைகளிலிருந்தும், பொள்ளாச்சிக்கு அப்பால் கேரள எல்லையிலுள்ள முதலமடையிலிருந்தும் அது வருகிறது. அங்கே பழுத்த பின்னர், சுற்றுவட்டாரக் கிராமச் சந்தைகளுக்குச் செல்கிறது. இக்கிடங்குகளில் உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் சோதனையிடுவதும், 'கார்பைடு கல்' வைத்துப் பழுக்கவைத்த பழங்களைக் கைப்பற்றி அழிப்பதும் பருவந்தோறும் செய்தியாகி வருகின்றன. அச்செய்தியைக் கேட்டவர்கள் எல்லாப் பழங்களையும் ஐயுறுகின்றனர். ஒரு சிலர் செய்த தவற்றினால் நேர்மையாகப் பயிரிட்ட உழவரும் விலை இழக்கிறார். ஆகவே, தீங்கானது எது, தீங்கற்றது எது என்பதை நாம் தெளிவாக அறிந்துகொள்ளுதல் நலம்.

காய் கனிவது எவ்வாறு?

மா, வாழை, பப்பாளி, சப்போட்டா முதலியவை முற்றிய பின் பறிக்கப்பட்டாலும் தாமே பழுக்கும் இயல்புடையவை. காய் முற்றியதும் அதனுள்ளிருந்து எத்திலீன் என்னும் வாயு சிறிதளவு வெளிப்படுகிறது. அதுவே மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றி, நிறத்தையும் மணத்தையும் தருவதற்குத் தூண்டுகோலாகிறது. பழங்கள் இவ்வாயுவை வெளியிடுகின்றன என்பதை இங்கிலாந்து நாட்டு அறிஞர் கேன் என்பவர் 1934-ஆம் ஆண்டில் மெய்ப்பித்தார். நம் பாட்டிமார் மாங்காயை வைக்கோலுக்குள் பொதிந்து வைத்ததும், வாழைத்தார்களை அடைத்த அறையில் புகை மூட்டம் போட்டதும் இந்த வாயுவின் பயனைப் பெறுவதற்கே. வைக்கோல் காயிலிருந்து வரும் வாயுவை வெளியே போகவிடாமல் காக்கிறது. புகையிலோ எத்திலீன் சிறிதளவு கலந்துள்ளது. எனவே, மனிதர் முயன்று பழுக்கவைத்தது என்பதனாலேயே ஒரு பழம் நஞ்சாகிவிடாது. எதனைக் கொண்டு பழுக்கவைத்தனர் என்பதே கேள்வி.

கார்பைடு கல்லின் தீமை

கால்சியம் கார்பைடு என்பது வெல்டிங் பட்டறைகளில் பயன்படும் பொருள். ஈரம் பட்டால் அதிலிருந்து அசிட்டிலீன் வாயு கிளம்பும். இது எத்திலீனைப்போல் ஓரளவு வேலை செய்யும். ஆனால், பட்டறைக் கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் கலப்பு உண்டு. இவை நச்சுத்தன்மை வாய்ந்தவை. பழத்தின் மேலும் படியக்கூடும். தலைச்சுற்றல், அடங்காத தாகம், வாந்தி, விழுங்குவதில் இடர்ப்பாடு, தோற்புண் ஆகியவை இதனால் நேரக்கூடும். பழத்தை உண்பவரைவிட, அடைத்த அறையில் நாள்தோறும் கல்லைக் கையாளும் தொழிலாளியே முதலில் துன்புறுவார். அசிட்டிலீன் எளிதில் தீப்பற்றும் என்பதையும் மறக்கலாகாது.

மற்றொரு குறையும் உண்டு. முற்றாத காயின் தோலையும் இக்கல் மஞ்சளாக்கிவிடும். உள்ளே புளிப்பு மாறாது, மணமும் இராது. இக்காரணங்களால் பழங்களுக்குக் கார்பைடு வாயுவைப் பயன்படுத்துதல் உணவுக் கலப்படத் தடைச் சட்ட விதிகளின் காலத்திலேயே விலக்கப்பட்டது. இன்று 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின்கீழ், 2011-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் அதைத் தடைசெய்கின்றன.

நல்ல முறை யாது?

எத்திலீன் வாயுவைப் பயன்படுத்த 2016-ஆம் ஆண்டில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் இசைவளித்தது. பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்குக்கு மேல் இவ்வாயு இருத்தல் கூடாது. வாழைக்கு 15 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்த, ஈரப்பதமுள்ள அறையில் ஏறத்தாழ ஒரு நாள் வாயுவைச் செலுத்துவர். பின்னர் அறையைத் திறந்து காற்றோட்டம் தருவர். காய்கள் மூச்சுவிடும்போது சேரும் கரியமில வாயு பழுப்பதைத் தடுக்குமாதலால் காற்றோட்டம் இன்றியமையாதது. எத்திபான் மருந்தைக் கரைத்து, அதில் வாழைச் சீப்புகளை முக்கியெடுப்பதும், தார்மீது தெளிப்பதும் கூடா. வாயு மட்டுமே பழத்தை அடையவேண்டும்; மருந்து படலாகாது.

உழவர் செய்யவேண்டியவை

முன்கூட்டியே சந்தைக்குச் சென்றால் விலை மிகும் என்னும் எண்ணத்தில் இளங்காயைப் பறிப்பதே இத்தீமைக்கு வித்து. காம்பையொட்டிய தோள்கள் திரண்டு உயர்ந்திருப்பின் மாங்காய் முற்றியதாகக் கொள்ளலாம். வாழைக்காயின் விளிம்புகள் மழுங்கி உருண்டையாவது முற்றியதன் அடையாளம். முற்றிய காய்க்குக் கார்பைடு கல் தேவையே இல்லை. உழவர்கள் கூட்டாகச் சேர்ந்து பழுக்கவைக்கும் அறை அமைக்க எண்ணினால், கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அறுவடைபின்சார் தொழில்நுட்ப மையத்தை அணுகலாம்.

ஊராட்சியின் பொறுப்பு

மே மாதம் முதல் நாள் கூடும் கிராம சபை மாம்பருவத்திலேயே வருகிறது. அன்று இப்பொருளை எடுத்துப் பேசுதல் தக்கது. ஊராட்சிச் சந்தையில் பழக்கடை வைப்போரிடம் கார்பைடு பயன்படுத்தலாகாது என்று முன்னரே அறிவித்துவிட வேண்டும். கூடைகளுக்குள் சிறு காகிதப் பொட்டலங்களாகச் சாம்பல் நிறக் கல்லோ, அது நீர்த்த வெண்பொடியோ காணப்பட்டால், அதைக் கையால் தொடாமல் உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். நிறத்தை மட்டும் கண்டு ஒரு வியாபாரியைக் குற்றவாளி என முடிவு கட்டலாகாது. ஆய்வுக்கூடச் சோதனையே சான்றாகும். வீட்டிலோ, எந்தப் பழத்தையும் ஓடும் நீரில் நன்கு கழுவி, மாம்பழத்தைத் தோல் சீவி உண்பது நலம்.

நோயாளியைக் காணச் செல்பவர் கையில் கொண்டு செல்வது பழம். குழந்தைக்கு முதலில் ஊட்டுவதும் வாழைப்பழமே. அந்த நம்பிக்கையைக் காப்பது தோட்டத்திலிருந்து சந்தை வரையில் நம் அனைவருடைய கடமையுமாகும்.