பூனையின் மூளையிலிருந்து ஒரு படம்

1999இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கேரட் ஸ்டான்லி, ஃபெய் லி, யாங் டான் ஆகிய மூவரும், பூனையின் மூளையில் பதிவான மின்துடிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு அதன் கண்முன் ஓடிய காட்சிகளை மீட்டெடுத்தார்கள். மங்கலான சாம்பல் நிறப் படங்கள்தான். ஆனாலும் மரங்களும் மனித முகமும் அடையாளம் தெரிந்தன. 'பூனை காணும் உலகம்' என்று அவற்றை அறிமுகப்படுத்துவது வழக்கமாகிவிட்டது. அது தவறு, ஆய்வின் உண்மையான சிறப்பையும் அது மறைத்துவிடுகிறது.

கண்ணிலிருந்து பெருமூளைப் புறணிக்குச் செல்லும் வழியில், தலாமஸில் ஓர் இடைநிலையம் உண்டு. துடிப்புகள் பதிவானது அங்கேதான். அங்குள்ள ஒவ்வொரு நியூரானும் பார்வைப் பரப்பில் ஒரு சிறு வட்டத்தை மட்டுமே கவனிக்கிறது. வட்டத்தின் நடுவில் வெளிச்சமும் சுற்றிலும் இருட்டும் விழுந்தால் ஒரு வகை நியூரான் சடசடவெனத் துடிக்கும். மாறி விழுந்தால் அடங்கிவிடும். இன்னொரு வகை இதற்கு நேர் எதிர். எந்தப் புள்ளி எவ்வளவு வெளிச்சமாக இருந்தபோது எந்த நியூரான் துடித்தது என்று பொருத்திப் பார்த்தால், துடிப்பிலிருந்து வெளிச்சத்துக்குத் திரும்பும் சூத்திரம் கிடைக்கும். அதில் இருப்பது பெருக்கலும் கூட்டலும்தான். இவ்வளவு எளிய கணக்குக்கே 177 நியூரான்கள் ஒரு முகத்தைக் கொடுத்துவிட்டன என்பதே எனக்குப் பெரிய வியப்பு.

முகம் தெரிகிறதென்றால் பூனை அதைப் பார்த்தது என்றுதானே பொருள் என்று கேட்கலாம். ஆனால் பூனைகள் மயக்க மருந்தின் பிடியில் இருந்தன. அந்த 177 நியூரான்களும் ஒரே நேரத்தில் பதிவானவையும் அல்ல; அதே படங்களை மீண்டும் மீண்டும் ஓட்டிப் பல பதிவுகளில் சேர்த்தவை. எந்தப் பூனையும் எந்த நொடியிலும் கண்ட காட்சியாக அதைச் சொல்ல முடியாது. மங்கலும் பூனைக் கண்ணின் குறையல்ல. நியூரான்களின் எண்ணிக்கை கூடக்கூடப் படம் தெளிந்தது.

அப்படியானால் இதனால் தெரிந்ததுதான் என்ன? கண் அனுப்பும் செய்தி தலாமஸ்வரை சிதையாமல், நேரடியாகப் படிக்கத்தக்க வடிவிலேயே வந்து சேர்கிறது என்பது. முகத்தை முகமென்று அறியும் கடினமான வேலை அதற்கப்பால்தான் நடக்கிறது.

தெளிவான படத்தை நம்புவதிலும் கவனம் வேண்டும். 2011இல் அதே பல்கலைக்கழகத்தில் ஜாக் கேலன்ட் குழுவினர் எம்ஆர்ஐ ஸ்கேன் மூலம் மனிதர்களிடம் இதே முயற்சியைச் செய்தபோது, யூடியூபிலிருந்து 1.8 கோடி விநாடிக் காணொளிகளைத் திரட்டி, மூளைப் பதிவுக்கு மிகவும் ஒத்துப்போன 100 துணுக்குகளைச் சராசரி செய்தார்கள். அந்தப் படங்களில் மூளைக்கும் பங்குண்டு, திரட்டிய காணொளிகளுக்கும் பங்குண்டு. பூனைப் படத்துக்கு அப்படியொரு சேமிப்பு துணை நிற்கவில்லை. அதன் ஒவ்வொரு சாம்பல் புள்ளியும் துடிப்புகளைக் கூட்டிப் பெற்றது.