தூங்குகிற குழந்தைக்குள் ஒரு வலிப்பு!

“பொறந்து நாலு நாள்தாங்க ஆகுது. சும்மா சும்மா உதட்டைச் சப்புக் கொட்டுது, கண்ணு ஒரு பக்கமா செருகுது. மாந்தமா இருக்குமோ? ஒரு உரை மருந்து குடுங்க...”

திருத்தணி மலையடிவாரத்திலும் எல்லையோர ஆந்திர கிராமங்களிலும் இப்படிக் கேட்கும் பாட்டிமார் நிறைய. சித்த வைத்தியனான நானே சொல்கிறேன். இதற்கு வசம்பும் வேண்டாம், வேப்பெண்ணெயும் வேண்டாம். சூடு போடுவது மகா பாவம்!

பச்சிளங்குழந்தைக்கு வலிப்பு வந்தால் பெரியவர்களைப் போல கை கால் வெட்டி இழுக்க வேண்டும் என்பதில்லை. மூளை நரம்புகளின் இணைப்பு இன்னும் முழுமை அடையாத பருவம் அது. கண் ஒரே பக்கம் நிலைகுத்தும், வாய் சப்பும், கால் சைக்கிள் மிதிப்பது போல அசையும், சில விநாடி மூச்சு நிற்கும். அவ்வளவுதான். சாதாரண நடுக்கமா என்று சந்தேகம் வந்தால் அந்தக் கையை மெல்லப் பிடித்துப் பாருங்கள். நடுக்கம் நின்றுவிடும்; வலிப்பு உங்கள் பிடிக்குள்ளேயே துடிக்கும். நின்றாலும் டாக்டரிடம் காட்டுங்கள், சர்க்கரை குறைந்தாலும் நடுங்கும்.

இன்னொரு வகைதான் பொல்லாதது. வெளியே எதுவுமே தெரியாது, மூளைக்குள் மட்டும் வலிப்பு ஓடும். மருந்து கொடுத்து கை கால் துடிப்பு அடங்கிய பிறகும் இப்படி நடப்பதுண்டு. பார்த்தால் சமர்த்தாகத் தூங்கும் குழந்தை! இதைக் காட்டிக்கொடுப்பது ஈ.ஈ.ஜி. ஒன்றுதான். மனித மூளையின் மின்னலைகளை 1924-ல் முதன்முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர். பச்சிளங்குழந்தை வலிப்பை உறுதி செய்ய இந்தப் பதிவே முக்கியம் என்று சர்வதேச வலிப்பு நோய் அமைப்பு 2021-ல் சொல்லியிருக்கிறது.

“பிஞ்சுத் தலையில கரண்ட் வைக்கிறாங்களாமே?” என்று பயப்படாதீர்கள். பசை தடவிச் சின்னத் தகடுகளை ஒட்டுவார்கள். கருவி மூளையின் மின்சாரத்தைப் படிக்கிறதே தவிர, எதையும் உள்ளே செலுத்துவதில்லை. அரை மணி நேரப் பதிவில் வலிப்பு சிக்காமல் போகலாம். அதனால் நாள் முழுக்க ஒட்டி வைப்பதும் உண்டு. இரண்டு, நான்கு தகடுகளோடு பல மணி நேர அலைகளைச் சுருக்கிக் காட்டும் எளிய கருவியும் இருக்கிறது. நர்ஸே பார்த்துச் சொல்லலாம், ஆனால் சின்ன வலிப்புகள் தப்பிவிடும்.

பிறக்கும்போது மூச்சுத் திணறியதுதான் பெரும்பாலும் காரணம். சர்க்கரை, கால்சியம் குறைவு, மூளைக் காய்ச்சல், ரத்தக் கசிவு என்றும் இருக்கலாம். சர்க்கரைக் குறைவு என்றால் குளுக்கோஸ் ஏற்றினாலே வலிப்பு நின்றுவிடும். அதையும் தாமதித்தால் மூளை பாழ்!

ஆகவே 108-க்கு போன் செய்யுங்கள். கையில் இரும்பு வேண்டாம், வாயில் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கதகதப்பாகப் போர்த்துங்கள். பக்கத்தில் இருப்பவர் அந்த அசைவைச் செல்போனில் படம் பிடிக்கட்டும். எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்பதையும் குறித்து டாக்டரிடம் கொடுங்கள்.