மேரி ஜீன் கிரீக்கின் ஆய்வு வாழ்க்கை: ஒரு மருந்தின் காலக்கணக்கு

முன்னுரை

போதைப்பொருளின் பிடியில் சிக்கியவரைப் 'போதை அடிமை' என்று வழங்குவது தமிழ் வழக்கு. நோயுற்றவரைக் குறிக்கும் சொல்லாக அது அமையவில்லை. மனவலிமை அற்றவர் என்ற தீர்ப்பும் அதனுள் அடங்கியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி அமெரிக்காவில் இத்தீர்ப்பு சட்டமாகவே நிலைபெற்றிருந்தது. 1914ஆம் ஆண்டின் ஹாரிசன் சட்டத்தையும் அதைத் தொடர்ந்த நீதிமன்றத் தீர்ப்புகளையும் கொண்டு, இத்தகையோருக்கு அபினி வகை மருந்துகளைத் தொடர்ந்து அளித்த மருத்துவர்கள் வழக்குக்கு உள்ளாயினர். இந்நிலையை மாற்றிய ஆய்வாளர்களுள் மேரி ஜீன் கிரீக் (1937–2021) குறிப்பிடத்தக்கவர். அவருடைய ஆய்வுகளின் மையக் கருத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

காலமே வேறுபாடு

வெல்லெஸ்லி கல்லூரியில் வேதியியலும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் பயின்ற கிரீக், 1964ஆம் ஆண்டு நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் ஆகியோரின் குழுவில் சேர்ந்தார். அப்போது அவர் பயிற்சி நிலையில் இருந்த இளம் மருத்துவர். டோல் வளர்சிதை மாற்ற ஆய்வாளர். நைஸ்வாண்டர் மனநல மருத்துவர். உடலில் நிகழும் மாற்றத்தை அளந்தறியும் மருத்துவரும் குழுவுக்குத் தேவைப்பட்டார்.

குழு முதலில் மார்ஃபினை அளித்துப் பார்த்தது. நோயாளிகள் அடுத்த ஊசியையே எதிர்நோக்கிச் சோர்ந்திருந்தனர். அளவையும் கூட்டிக் கேட்டனர். பின்னர், ஜெர்மனியில் செயற்கை முறையில் உருவாக்கப்பட்டிருந்த மெத்தடோன் என்னும் வலிநீக்கி வாய்வழியாக அளிக்கப்பட்டது. நோயாளிகளின் பேச்சு படிப்பு, வேலை என்று திரும்பியது. 22 நோயாளிகளிடம் பெற்ற முடிவுகளை டோலும் நைஸ்வாண்டரும் 1965இல் வெளியிட்டனர். மறு ஆண்டில் மூவரும் இணைந்து எழுதிய கட்டுரை, மெத்தடோன் பெறுபவருக்கு ஹெராயின் செலுத்தினாலும் வழக்கமான கிளர்ச்சி உண்டாவதில்லை என்று காட்டியது.

ஹெராயினும் மெத்தடோனும் மூளையின் ஒரே வகை ஏற்பிகளில்தான் செயல்படுகின்றன. எனில், 'ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை' என்ற எதிர்ப்பு நியாயமானதன்றோ? இக்கேள்வி இன்றும் எழுகிறது; அதை எளிதில் தள்ளிவிட இயலாது. கிரீக் இதற்கு அறநெறி வாதத்தால் அன்றி, இரத்த அளவீடுகளால் விடை கண்டார். ஹெராயினின் விளைவு சில மணி நேரமே நீடிக்கும். ஆகவே அதைப் பயன்படுத்துபவரின் உடல் ஒரே நாளில் பலமுறை கிளர்ச்சிக்கும் விலகல் வேதனைக்கும் இடையே ஊசலாடுகிறது. மெத்தடோனின் அரை ஆயுள், அதாவது இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையும் காலம், சராசரியாக ஏறத்தாழ 24 மணி நேரம். நாளுக்கு ஒருமுறை உட்கொண்டால் அளவு பெரிதும் ஏறாமலும் இறங்காமலும் நிற்கிறது. ஹெராயினால் சீர்குலைந்த மன அழுத்த இயக்குநீர்கள், நிலையான மெத்தடோன் சிகிச்சையில் படிப்படியாக இயல்புநிலைக்குத் திரும்புவதையும் அவர் கண்டறிந்தார்.

காசநோய்க்கான ரிஃபாம்பிசின் குறித்து அவர் குழு 1976இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்துக்கு மறுதலையான சான்று. ரிஃபாம்பிசின் மெத்தடோனின் சிதைவை விரைவுபடுத்துகிறது. இரத்த அளவு வீழ்ந்ததும், மெத்தடோனைத் தவறாது உட்கொண்டவர்களுக்கும் விலகல் வேதனை தோன்றியது. 'மருந்து போதவில்லை' என்னும் நோயாளியின் முறையீடு நடிப்பாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1975 முதல் ராக்ஃபெல்லரில் அவர் நடத்திய ஆய்வகத்தின் பெயரிலேயே 'நோய்கள்' என்ற சொல் இடம்பெற்றிருந்தது. அபினி ஏற்பி மரபணுவின் மாற்றுவடிவம் பற்றிய 1998ஆம் ஆண்டு ஆய்வு அங்கு நிகழ்ந்த பிற்காலப் பணிகளுள் ஒன்று.

உறையவைத்த குருதி

கல்லீரல் நோய் ஆய்வுக்காக 1969 முதல் நோயாளிகளின் குருதி மாதிரிகளைக் கிரீக் சேமித்து வந்தார். எய்ட்ஸ் என்ற பெயரே அன்று இல்லை. 1980களில் எச்ஐவி கண்டறியப்பட்டு, சோதனை முறையும் உருவான பின்னர், அம்மாதிரிகள் மீண்டும் ஆராயப்பட்டன. மன்ஹாட்டனில் ஊசிவழி போதைப்பொருள் பயன்படுத்தியோரிடையே 1978 அளவில் நுழைந்த அக்கிருமி, சில ஆண்டுகளில் ஏறத்தாழ பாதிப் பேரைப் பற்றியிருந்தது தெரியவந்தது.

மெத்தடோன் சிகிச்சையில் நெடுங்காலம் நிலைத்து இயல்பு வாழ்க்கைக்குத் திரும்பிய ஒரு குழுவினர் குறித்த முடிவு 1990இல் வெளியாயிற்று. அவர்களுள் எவருக்கும் எச்ஐவி எதிர்ப்பொருள் இல்லை. ஆனால் பெரும்பாலோரின் குருதியில் கல்லீரல் அழற்சி 'பி' கிருமித் தொற்றுக்கான அடையாளங்கள் இருந்தன. சிகிச்சைக்கு முன் அவர்கள் பயன்படுத்திய ஊசிகள் விட்டுச்சென்ற தடம் அது.