காய்ச்சல் விட்ட நாளில்தான் கையைப் பிடித்துப் பார்க்க வேண்டும்

டிங்கிக் காய்ச்சலில் நான்கு நாளாகப் படுத்திருந்த ஒருவருக்கு ஐந்தாம் நாள் காலை உடல் சூடு 39 பாகையிலிருந்து 37.2 பாகைக்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வீட்டாருக்கு நிம்மதி. பயிற்சிக்கு வந்த தாதிமை மாணவி 'காய்ச்சல் இல்லை' என்று குறித்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்கிறார். டிங்கியில் இதைவிட ஆபத்தான தவறு அதிகம் இல்லை.

காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், பெரும்பாலும் சூடு தணியும்போதுதான் டிங்கியின் நெருக்கடிக் கட்டம் தொடங்குகிறது. அது 24 முதல் 48 மணி நேரம் வரை நீடிக்கும். அப்போது சிலருக்கு இரத்தத்தின் நீர்ப்பகுதி நுண்ணிய குழாய்களிலிருந்து கசிந்து நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்கும். குழாய்க்குள் இரத்தத்தின் அளவு குறையும். நோயாளியோ எழுந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்.

தாதிமைப் படிப்பின் தொடக்கத்திலேயே 'வைட்டல் சைன்ஸ்' எனப்படும் உயிர்க்குறிகளைக் கற்பிக்கிறார்கள். ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100. மூச்சு 12 முதல் 20. ஆக்சிஜன் அளவு பொதுவாக 95 விழுக்காட்டுக்கு மேல். தேர்வுக்கு இவற்றை மனப்பாடம் செய்துவிடலாம். வார்டில் தேவைப்படுவது வேறு: எண்களைச் சேர்த்துப் படிப்பது, முந்தைய எண்களோடு ஒப்பிடுவது.

அதே நோயாளியை எடுத்துக்கொள்வோம். நேற்று இரத்த அழுத்தம் 110/70. இன்று 110/90. மேல் எண் மாறவில்லை என்பதால் 'நார்மல்' என்று தோன்றும். ஆனால் இரண்டு எண்களுக்கும் இடையிலான வித்தியாசம் 40லிருந்து 20ஆகச் சுருங்கிவிட்டது. குறைந்த இரத்தத்தை வைத்துச் சமாளிக்க உடல் குழாய்களை இறுக்குகிறது. அதனால் கீழ் எண் ஏறுகிறது. இதயமும் வேகமாகத் துடிக்கிறது. நேற்று 84 இருந்த நாடி இன்று 116. டிங்கி நோயாளிக்கு இந்த வித்தியாசம் 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் அது அதிர்ச்சி நிலையின் அடையாளம். மேல் எண் விழும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். உடனே மூத்த தாதியிடமும் மருத்துவரிடமும் சொல்ல வேண்டும்.

நம் நாட்டுச் சுகாதார அமைச்சின் டிங்கி வழிகாட்டி இதற்காகவே கையைப் பிடித்துப் பார்க்கும் ஒரு சோதனையைச் சொல்கிறது. அதன் சுருக்கப் பெயர் 'சிசிடிவிஆர்'. தோலின் நிறம், நகத்தை அழுத்தி விட்டதும் சிவப்பு திரும்ப ஆகும் நேரம், கையின் சூடு, நாடியின் வலு, நாடியின் வேகம் ஆகிய ஐந்தையும் ஒரே பிடியில் பார்த்துவிடலாம். சிவப்பு திரும்ப 2 விநாடிக்கு மேல் ஆனாலும், உள்ளங்கை சில்லிட்டிருந்தாலும், நாடி நூல்போல் மெலிந்திருந்தாலும் இரத்த ஓட்டம் குறைகிறது என்று பொருள். அரை நிமிட வேலைதான். விரலில் மாட்டும் கருவி நாடியின் எண்ணைக் காட்டும். கை சில்லிட்டிருப்பதை அது சொல்லாது. அக்காலத் தோட்ட மருந்தகத்தில் டிரெசர் முதலில் கையைப் பிடித்துப் பார்த்ததாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். அது வெறும் ஆறுதலுக்காக அல்ல. (மலாயிலும் அது 'நாடி'தான். தமிழ்ப் பிள்ளைகளுக்கு வார்டில் அந்த ஒரு சொல்லைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.)

அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது மூச்சு எண்ணிக்கை என்பது என் கருத்து. மற்றவற்றுக்குக் கருவி உண்டு. இதற்குப் பல வார்டுகளில் கண்ணும் கடிகாரமும்தான். பார்க்காமலே '18' அல்லது '20' என்று எழுதிவிடும் ஆசை வரும். 'மூச்சை எண்ணப் போகிறேன்' என்று சொன்னால் நோயாளி மூச்சை மாற்றிவிடுவார். ஆகவே நாடி பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டை விடாமல், நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். டிங்கியில் நெஞ்சில் நீர் தேங்கினாலோ, உடல் அதிர்ச்சி நிலையை நோக்கிப் போனாலோ மூச்சு வேகமாகும்.

அளக்கும் முறையும் எண்ணை மாற்றும். பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். சூடாகத் தே தாரிக் குடித்த உடனே வாயில் வெப்பமானி வைத்தாலும் அதே கதைதான்.

வீட்டில் பார்த்துக்கொள்வோர் கவனிக்க வேண்டியவையும் உண்டு. கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு அல்லது பரபரப்பு, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமோல் மட்டும், சொன்ன அளவில். ஆஸ்பிரினும் புரூஃபெனும் இரத்தக் கசிவைக் கூட்டும்.

தோட்டத்திலிருந்து கிளினிக்கிற்கு வண்டி பிடிப்பது எளிதல்ல என்பது நமக்குத் தெரியும். ஒரு நாள் சம்பளமும் போகும். 'சூடுதான் விட்டுவிட்டதே, இன்றைக்கு இரத்தச் சோதனைக்குப் போக வேண்டுமா?' என்ற கேள்வி அந்த ஐந்தாம் நாள் காலையில்தான் எழும். மற்ற நாளில் எப்படியோ, அன்றைக்குக் கட்டாயம் போக வேண்டும்.