குளியலறைக் கதவும் கால்மிதியும்

இன்றைய பேச்சின் தலைப்பைக் கேட்டதும் உங்களில் சிலர் சிரிக்கக்கூடும். "கால்மிதியைப் பற்றியெல்லாம் வானொலியில் பேச வேண்டுமா?" என்று அடுப்படியில் இருக்கும் தாய்மார்கள் கேட்கக்கூடும். பேசத்தான் வேண்டும். ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

லயத்து வீடுகளில் நாம் வாழ்ந்த காலத்தில் குளியல் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே, குழாயடியிலோ பின்கட்டுத் தொட்டியடியிலோ நடந்தது. சொரசொரப்பான சிமெண்டுத் தரை. நனைந்த கால் வாசலுக்கு வருவதற்குள் பாதி காய்ந்துவிடும். இப்போது நம்மில் பலர் தோட்டத்தை விட்டு மலிவு விலை வீடுகளுக்கும் அடுக்கு வீடுகளுக்கும் குடிவந்துவிட்டோம். குளியலறை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. தரையில் வழவழப்பான ஓடு பதித்திருக்கிறார்கள். பார்வைக்கு அழகுதான். ஆனால், அறுபது எழுபது வயதுவரை மண்ணிலும் சிமெண்டிலும் நடந்து பழகிய நம் பாட்டிமார்களுக்கு அந்த ஓட்டுத் தரை புதிய எதிரி.

மகள் என்ன செய்கிறாள்? பாட்டிக்கு வழுக்கக் கூடாதே என்று, இரவுச் சந்தைக்குப் போய்ப் பஞ்சுபோன்ற பெரிய கால்மிதி ஒன்றை வாங்கி வந்து கதவடியில் போடுகிறாள். மறுநாள் காலையில் பள்ளிக்குப் புறப்படும் பையன் கதவைத் தள்ளுகிறான். கதவு கால்மிதியில் முட்டி நிற்கிறது. இன்னும் ஓங்கித் தள்ளுகிறான். கால்மிதி சுருண்டு மூலைக்குப் போகிறது. இரண்டு நாள் எல்லாரும் குனிந்து குனிந்து விரித்துப் பார்க்கிறார்கள். மூன்றாம் நாள் அது வாளியின்மேல் தொங்குகிறது. பாட்டி மறுபடியும் வெறும் ஓட்டில்தான் கால் வைக்கிறார்.

இது ஒரு வீட்டுக் கதையன்று. வீட்டுக்கு வீடு நாம் காண்பதுதான். கால்மிதி வாங்கிய பணம் வீணானது பெரிய நட்டமில்லை. பாட்டி விழுந்தால்தான் பெரிய நட்டம். உலகச் சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் தந்த கணக்கின்படி, உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 684,000 பேர் கீழே விழுந்து உயிரிழக்கிறார்கள். அவர்களில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் குறைந்த வருமான நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் உள்ளவர்கள். உயிரைப் பறிக்கும் விழுதல்கள் 60 வயதைத் தாண்டியவர்களிடையேதான் மிகுதி. முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தால் பலரால் மீண்டும் பழையபடி நடக்க முடிவதில்லை. ஆகவே, கதவடியில் கிடக்கும் அந்தச் சிறு துணியை அற்பமாக நினைக்க வேண்டாம்.

தரை ஏன் வழுக்குகிறது? காய்ந்த தரையில் நம் பாதம் தரையை நேராகத் தொட்டுப் பற்றிக்கொள்கிறது. தண்ணீர் இருந்தால் பாதத்துக்கும் தரைக்கும் இடையே மெல்லிய நீரேடு வந்துவிடுகிறது. அதனோடு சவர்க்காரமும் சேர்ந்தால் பிடிப்பு இன்னும் குறையும். தீபாவளி விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது சொல்லவே வேண்டாம். கால்மிதி இங்கே இரண்டு வேலை செய்ய வேண்டும். பாதத்தின் ஈரத்தை உறிஞ்ச வேண்டும்; தானும் நகராமல் கிடக்க வேண்டும். நம் வீட்டுக் கதவைப் பொறுத்தவரை மூன்றாவது வேலையும் உண்டு. கதவுக்கு வழிவிட வேண்டும்.

சரி, எவ்வளவு கனமான கால்மிதி நம் கதவுக்குப் பொருந்தும்? இதைக் கடையில் நின்றுகொண்டு ஊகிக்க முடியாது. வீட்டில் அளந்துகொண்டு போக வேண்டும். அதற்கு எளிய வழி ஒன்று சொல்கிறோம். மளிகைச் சாமான் வரும் அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து, உள்ளங்கை அகலத்துக்குச் சில துண்டுகளாக நறுக்குங்கள். அந்த அட்டை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனம் இருக்கும். கால்மிதி கிடக்கப் போகும் இடத்தில் ஒரு துண்டை வைத்துக் கதவை அதன்மேல் மெல்ல ஓட்டிப் பாருங்கள். தட்டாமல் போனால் இரண்டாவது துண்டை அதன்மேல் வையுங்கள். பிறகு மூன்றாவது. எந்தத் துண்டில் கதவு தட்டுகிறதோ அதை எடுத்துவிடுங்கள். மிஞ்சியிருப்பதிலிருந்து இன்னும் ஒரு துண்டையும் எடுத்துவிடுங்கள். இப்போது கையில் இருப்பதுதான் உங்கள் கால்மிதியின் கனம்.

எடுத்துக்காட்டாக, மூன்று துண்டு நுழைந்து நான்காவது தட்டினால், இரண்டு துண்டுக் கனம், அதாவது 6 மில்லிமீட்டர் கால்மிதி போதும். அந்த அட்டைகளை ஒரு ரப்பர் வளையத்தால் கட்டிக் கடைக்கே கொண்டு போய்க் கால்மிதியின் ஓரத்தோடு வைத்துப் பாருங்கள். அளவுகோல் படிக்கத் தெரியாதவர்களும் இதில் ஏமாற மாட்டார்கள்.

ஒரு துண்டை ஏன் கூடுதலாக எடுக்கச் சொன்னோம்? மரக்கதவு மழைக்காலத்தில் ஈரம் குடித்து ஊதும். துணி நனைந்தாலும் உப்பும். கால்மிதியின் மூலை நாளடைவில் சற்றே சுருண்டு எழும்பும். இவற்றுக்கெல்லாம் கொஞ்சம் இடம் விட்டு வைக்க வேண்டும்.

அளக்கும்போது இன்னும் இரண்டு செய்திகளை மறக்க வேண்டாம். முதலாவது, ஒரே இடத்தில் மட்டும் அளக்காதீர்கள். குளியலறைத் தரை தண்ணீர் ஓடுவதற்காகச் சாய்வாக இருக்கும். கதவு பாதி திறந்திருக்கும்போது ஓர் இடைவெளி, முழுவதும் திறந்தால் வேறோர் இடைவெளி. எங்கே மிகக் குறைவோ அதுதான் கணக்கு. இரண்டாவது, கால்மிதியின் நடுப்பகுதியைக் காட்டிலும் ஓரத் தையல் தடிப்பாக இருக்கும். கதவு முதலில் முட்டுவது அந்த ஓரத்தில்தான். ஆகவே கடையில் ஓரத்தையே அளந்து பாருங்கள். "கையால் அழுத்தினால் மெலிகிறதே" என்று எண்ண வேண்டாம். நாம் மிதிக்கும்போது அது அழுந்தும். கதவு வரும்போது நிமிர்ந்தே நிற்கும்.

இனி, எந்த வகை நல்லது என்று பார்ப்போம். நீண்ட பஞ்சு இழைகள் கொண்ட கால்மிதி காலுக்கு இதமானது; ஆனால் தாழ்ந்த கதவுக்கு ஆகாது. தென்னை நாரில் செய்தது வாசலுக்கு ஏற்றது, அதுவும் தடிப்பானதே. தட்டையாக நெய்த பருத்திக் கால்மிதி மெல்லியது, துவைக்க எளியது. ஆனால் அடியில் பிடிப்பில்லாவிட்டால் வழுக்கும். பழைய கைலியையோ துண்டையோ கோணிச் சாக்கையோ மடித்துப் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. சிக்கனம் நல்லதுதான். ஆனால் ஓட்டுத் தரையில் மடித்துப் போட்ட துணி காலோடு சேர்ந்து நகரும். வழுக்காமல் இருக்கப் போட்டதே காலை வாரிவிடும். பழைய துண்டைத்தான் போட வேண்டுமென்றால், நான்கு ஓரமும் தைத்து, அடியில் ரப்பர் வலையை வெட்டி வைத்துத் தைத்துவிடுங்கள். மேசை விரிப்புக்கு அடியில் போடும் வலை கடைகளில் கிடைக்கிறது.

கல்போன்ற கால்மிதி ஒன்றும் இப்போது விற்பனைக்கு வருகிறது. பழங்காலத்தில் ஏரியடியிலும் கடலடியிலும் படிந்த நுண்ணிய பாசிகளின் கூடுகளால் ஆன மண்ணில் அதைச் செய்கிறார்கள். அந்தக் கூடுகளின் துளைகள் தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சிவிடும். ஏறக்குறைய ஒரு செண்டிமீட்டர் கனம் இருக்கும். கதவு மோதினாலோ கீழே விழுந்தாலோ உடைந்துவிடும். 2020ஆம் ஆண்டில் ஜப்பானில், இத்தகைய சில கால்மிதிகளில் கல்நார் கலந்திருந்தது தெரிய வந்து அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கல்நார்த் தூசு நுரையீரலுக்குக் கேடு. ஆகவே, எங்கே செய்தது என்று தெரியாததை வாங்கி, அழுக்குப் போக உப்புத்தாளால் தேய்க்காதீர்கள்.

தாழ்ந்த கதவுக்கு மிகவும் ஏற்றது, மேலே ஈரம் உறிஞ்சும் மெல்லிய பரப்பும் அடியில் ரப்பரும் உள்ள தட்டையான கால்மிதி. அரை செண்டிமீட்டர் கனத்திலேயே கிடைக்கிறது. கத்தரியால் வேண்டிய அளவுக்கு வெட்டவும் முடிகிறது. நெய்த துணியை வெட்டினால் நூல் பிரியும். இதில் அந்தத் தொல்லை குறைவு.

ரப்பர் என்றதும் நமக்கு ஒரு சொந்தம் வந்துவிடுகிறதல்லவா? 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்ட கன்றுகளில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னாளில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி, மரம் சாகாமல் பால் எடுக்கும் வெட்டு முறையை வகுத்தார். அந்த மரங்களில் விடியுமுன் எழுந்து பால் வெட்டியவர்கள் நம் தாத்தா பாட்டிமார்கள். ரப்பர் ஏன் வழுக்குவதில்லை? அது இணங்கிக் கொடுக்கும் பொருள். தரையில் உள்ள நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் தானும் அமுங்கி அவற்றைப் பற்றிக்கொள்கிறது. ஆனால் அடியில் தண்ணீர் தேங்கினால் ரப்பரும் தோற்றுவிடும். எனவே விரிக்குமுன் தரையைத் துடைத்துவிட வேண்டும். விரித்த பிறகு, நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் அது பாட்டிக்கு ஆகாது.

"எங்கள் கதவடியில் ஓர் அட்டைகூட நுழையவில்லையே" என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. முதலில் கதவின் மேல் கீலைப் பாருங்கள். அதன் திருகாணிகள் தளர்ந்திருந்தால் கதவு தொங்கிப் போய்த் தரையை உரசும். திருகாணியை முடுக்கினாலே சில மில்லிமீட்டர் இடம் கிடைத்துவிடும். துளை பெரிதாகிவிட்டிருந்தால், மரப்பசை தடவிய தீக்குச்சிகளை அதில் செருகி, பசை காய்ந்தபின் திருகாணியைப் போடுங்கள். அப்படியும் முடியாவிட்டால், தச்சரிடம் சொல்லி மரக்கதவின் அடியைச் சிறிது இழைக்கலாம். இழைத்த இடத்துக்குக் கட்டாயம் சாயம் பூச வேண்டும். இல்லையேல் அவ்வழியே தண்ணீர் ஏறிக் கதவு உளுத்துவிடும். பிளாஸ்டிக் கதவு பெரும்பாலும் உள்ளே கூடாக இருப்பதால் அதை வெட்ட வேண்டாம். வாடகை வீடாகவோ தோட்டத்து வீடாகவோ இருந்தால், கதவில் கை வைக்குமுன் வீட்டுக்காரரிடமோ நிருவாகத்திடமோ கேட்டுக்கொள்ளுங்கள். எதுவும் வேண்டாமென்றால், கதவு சுழலும் வட்டத்துக்கு அப்பால் கால்மிதியைத் தள்ளிப் போடுங்கள். பாட்டியின் முதல் அடி அதன்மேல் விழுகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது சொல்வதைச் சற்றுக் கவனமாகக் கேளுங்கள். பல வீடுகளில் குளியலறைக் கதவு உள்பக்கமாகத் திறக்கும். உள்ளே தடித்த கால்மிதி கிடந்து, அது கதவடியில் சுருண்டு சிக்கிக்கொண்டால், வெளியிலிருந்து தள்ளினாலும் கதவு திறவாது. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்திருக்கும் வேளையில் இது நேர்ந்தால் என்ன ஆகும்? விழுந்தவரின் உடலே கதவுக்குத் தடை. கால்மிதி இரண்டாவது தடை. ஆகையால், உள்பக்கம் திறக்கும் கதவுள்ள வீட்டில் கால்மிதியைக் கதவுக்கு வெளியே போடுவதே நல்லது. உள்ளே போட்டால் கதவு தங்குதடையின்றி ஓடும் அளவுக்கு மெல்லியதைத்தான் போட வேண்டும். வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டைப் பொருத்துங்கள். வயதானவர்கள் உள்தாழ்ப்பாள் போடாமல் குளிப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. "குளிக்கப் போகிறேன்" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போனால் போதும். கதவு மறுபுறம் திறக்கும்படி மாற்ற முடியுமானால் அது இன்னும் நல்லது.

வாங்கியதோடு வேலை முடிந்துவிடாது. நாள்தோறும் கால்மிதியைத் தூக்கிக் கொடியில் போட்டு உலர்த்துங்கள். ஈரத்தோடு தரையிலேயே கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். அடியிலே வழுக்கும் பாசியும் சேரும். வாரம் ஒருமுறை துவையுங்கள். பருத்தியை வெயிலில் காயப் போடலாம். ரப்பர் அடி உள்ளதை நிழலில் காயப் போடுங்கள். கடும் வெயிலும் எண்ணெயும் ரப்பரைக் கெடுக்கும். அடிப்பக்கம் வெடித்து உதிரத் தொடங்கினால், மேலே எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

நேயர்களே, நம் பெரியவர்கள் நமக்காக நெற்றிவிளக்கு வெளிச்சத்தில் காட்டுக்குள் நடந்தவர்கள். அவர்கள் இனி நடக்க வேண்டிய தூரம், படுக்கையிலிருந்து குளியலறைக்குப் பத்தடிதான். அந்தப் பத்தடியைப் பத்திரமாக்கித் தருவது நம் கையில் இருக்கிறது. இன்று மாலை ஓர் அட்டைப் பெட்டியை நறுக்கி, உங்கள் வீட்டுக் கதவடியில் வைத்துப் பாருங்கள்.